சூடு காட்டிய கல்

உங்கள் மோதிரத்தில் இருப்பது சூடு காட்டிய கல், ஐயா. கோபித்துக்கொள்ளாதீர்கள், நல்ல கல்தான். விற்றவன் சொல்லியிருக்க மாட்டான். சொல்லியிருந்தால் நீங்கள் இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேட்டிருப்பீர்கள். மண்ணிலிருந்து எடுக்கும்போதே இத்தனை நீலமாக இருந்திருந்தால் அது சம்பளக்காரர் விரலுக்கு வந்து சேராது. உள்ளே புகை படிந்த மாதிரி ஏதோ மங்கல் இருந்திருக்கும். உலையில் வைத்துச் சூடு காட்டினால் அந்தப் புகை கரைந்து கல் தெளியும். சில கல் தாங்கும். சில கல் உள்ளுக்குள்ளேயே விரிசல் விடும். எது தாங்கும், எது விரியும் என்று வைக்கும்போது யாராலும் சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால் நான் செய்ததும் அவ்வளவுதான்.

தேநீருக்கு நன்றி. சர்க்கரை தாராளமாக இருக்கிறது. எழுதுகிறவரை மெதுவாகவே எழுதச் சொல்லுங்கள். என் அண்ணியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் அங்கே உட்கார வேண்டியவர் இல்லை. அதற்காகத்தான் வந்தேன்.

நாங்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். கல் வியாபாரம். சந்தைக்குப் பின்னால், எதிரே ஆள் வந்தால் தோளைச் சாய்த்து வழிவிட வேண்டிய சந்தில் கடை. ஒரு மேஜை, அதன்மேல் வெள்ளைத் துணி, வடக்குப் பார்த்த ஜன்னல். கல்லுக்கு வடக்கு வெளிச்சம்தான் உண்மை பேசும். வாங்குவது அண்ணன், விற்பது நான். வாங்குகிறவருக்குக் கண் வேண்டும், விற்கிறவனுக்கு வாய் வேண்டும். அவரை விற்க விட்டால் கடை ஒரு மாதம் தாங்காது. வாடிக்கையாளர் கல்லை ஆசையாகக் கையில் எடுப்பார். "அதுல அடியில ஒரு கீறல் இருக்குங்க" என்று இவரே ஆரம்பிப்பார். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதிப்பேன். "ஏன்டா காலை மிதிக்கிறே?" என்று அந்த வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்பார்.

சந்தையில் அவருக்குக் கல்வெட்டு என்று பட்டப்பெயர். ஒருமுறை லென்ஸில் பார்த்த கல்லை மறந்ததில்லை. மனிதர்கள் பெயரை மறப்பார், தன் கல்யாண நாளை மறந்து அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். ஆனால் எப்போதோ மோதிரத்தில் பார்த்த கல் வேறு ஊர் போய், பதக்கமாகித் திரும்பி வந்தாலும், "அட, நீயா" என்பார். கல்லுக்குள் இருக்கும் குறைதான் அதன் முகம் என்பது அவர் கணக்கு. குறை இல்லாத கல்லை அவருக்கு அடையாளம் தெரியாது.

எங்கள் தொழிலில் விலையை வாயால் பேசுவதில்லை, ஐயா. சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் கைகுலுக்குவதுபோல் கையைப் பிடித்து, மேலே ஒரு துண்டைப் போட்டுவிடுவார்கள். துண்டுக்கு அடியில் விரல் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக் கையைப் பிடித்தால் ஐந்து. கையை அப்படியே இறுக்கி ஒரு குலுக்கு குலுக்கினால் பேரம் முடிந்தது. எதிராளியின் கட்டைவிரல் அடியில் நகத்தை அழுத்தினால், கல்லில் குறை இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன், எடுத்துக்கொண்டு போ என்று பொருள். முகத்தில் ஒன்றும் தெரியாது. மேலே வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதுதான் அந்தத் துண்டின் அழகு.

எனக்கு ஒரே மகள். அவளைப் பெற்ற கையோடு அவள் அம்மா போய்விட்டாள். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. அண்ணிதான் வளர்த்தார். அண்ணன் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கடைக்குக் கூட்டி வந்து மடியில் வைத்துக்கொண்டு, துண்டைப் போட்டு விரல் பேசக் கற்றுக்கொடுத்தார். மிட்டாய்க்குப் பேரம். எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள். அவள் வளர்ந்து, கல்யாணமாகி, எங்கள் கடையிலேயே உட்கார்ந்தாள். கண் அண்ணனுடையது, வாய் என்னுடையது.

அந்த ஆசிரியையின் கல்லை அவள் மாற்றினாள். உங்களுக்கே தெரியும், அவளே வந்து சொல்லிவிட்டாள். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், தன் அம்மா விட்டுப்போன நீலக்கல்லின் ஓரம் தேய்ந்திருக்கிறது என்று தீட்டக் கொடுத்திருந்தார். எங்கள் பின்னறையில் பட்டை தீட்டுகிறவர் அதைத் தீட்டி வைத்தார். அவர் மேஜையிலிருந்து ஆசிரியையின் கைக்குப் போகும் வழியில், அது ஆலையில் செய்த கல்லாகிவிட்டது. மருமகன் தொழில் என்று எதையோ தொடங்கிக் கழுத்துவரை மூழ்கியிருந்தார். அவ்வளவுதான் காரணம். நீங்கள் வந்தீர்கள், யார் மேஜையில் கல் இருந்ததோ அவரைப் பிடித்தீர்கள். குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் அவரைத்தான் பிடித்திருப்பேன். ஜாமீனில் வந்தார். வந்த பிறகு சந்தையில் ஒருவரும் அவர் கையில் ஒரு கூழாங்கல்லைக்கூடக் கொடுக்கவில்லை. எங்கள் சந்து முனையில் வந்து நிற்பார். வேலை கேட்க மாட்டார். சும்மா நிற்பார். நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன்.

அப்போது எனக்கும் மகள் செய்தது தெரியாது. ஒருநாள் மாலை கடையைச் சாத்தும் நேரத்தில் அண்ணன் வந்தார். நெஞ்சு படபடப்பு அவருக்கு அதற்கு முன்பே இருந்தது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார்.

"தம்பி, டீச்சரோட கல்லைப் பார்த்தேன்டா."

"எங்கண்ணே?"

"மொட்டைத் தரகர் கையில. துண்டு போட்டுக் காட்டினார். ஓரத்துல எறும்பு கால் மாதிரி கோடு. அதேதான்."

"அவருக்கு யார் குடுத்தாங்களாம்?"

அண்ணன் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அதன் அடியைத் துடைத்தார்.

"நம்ம பொண்ணு" என்றார்.

நான் பேரத்தைத் தொடங்கினேன். வேறு என்ன தெரியும் எனக்கு. கல்லைத் திரும்ப வாங்கி ஆசிரியை வீட்டு வாசலில் வைத்துவிடலாம் என்றேன். பட்டை தீட்டுகிறவருக்கு நாமே ஒரு பட்டறை போட்டுக் கொடுத்துவிடலாம் என்றேன். அவருக்கு நல்ல வக்கீலாகப் பார்த்து, வழக்கு தானாகக் கரைந்து போகும்படி செய்யலாம் என்றேன். நான் சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"வழக்கு விசாரணைக்கு வர்றப்ப நான் போய் உள்ளதைச் சொல்லப் போறேன்" என்றார்.

"அவ உங்க பொண்ணுண்ணே."

"அதனாலதான்டா. வேற யாரோட பொண்ணோவா இருந்தா எனக்கென்னன்னு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்."

"கல்லு சாட்சி சொல்லாதுண்ணே. அதை அடையாளம் காட்ட உங்களை விட்டா ஆளே கிடையாது. மொட்டையும் வாயைத் திறக்க மாட்டார். நீங்க மறந்துட்டீங்கன்னு வெச்சுக்குங்க, முடிஞ்சுபோச்சு."

"மறக்கிறது என் கையிலயா இருக்கு?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, ஐயா. என் மகளை நீங்கள் வேனில் ஏற்றுவது போலவும், ஏறும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பது போலவும் பகலிலேயே கண்ணுக்கு முன்னால் வரும். கல்லை எடைபோடும்போது தராசு முள் நடுங்கும். தராசு நன்றாகத்தான் இருந்தது.

இதற்கிடையில்தான் இதய ஆஸ்பத்திரி. டாக்டர் அம்மா தங்கமானவர். எதையும் மறைக்காமல் சொல்கிறவர். வியாபாரத்துக்கு லாயக்கில்லாதவர். தொடை இடுக்கில் ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயம்வரை கொண்டுபோய், துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும் இடத்தில் அதன் முனையால் சூடு வைப்பார்களாம். அந்த இடம் தழும்பாகிவிட்டால் தாளம் சரியாகிவிடுமாம்.

"அப்ப எனக்கும் சூடு காட்டப் போறீங்க" என்றார் அண்ணன். "தெளிஞ்சு வந்தா நல்ல விலைக்குப் போவேன்."

டாக்டர் அம்மாவும் சிரித்தார். பிறகு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு சொல்லணும். சிலருக்கு இது முடிஞ்சதும் கொஞ்ச காலம் யோசனை மந்தமா இருக்கும். பேரு சட்டுனு வராது, ஞாபகம் தடுமாறும். குழாய் போற வழியில பொடிப் பொடியா ரத்தக் கட்டியோ காத்துக் குமிழியோ மூளைக்குப் போயிடலாம்னு நினைக்கிறோம். மயக்க மருந்தும் காரணமா இருக்கலாம். உறுதியா யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் தானா சரியாயிடும். பயந்துக்கிட்டு இதைத் தள்ளிப் போடுறதும் நல்லதில்ல, துடிப்பு தப்பிக்கிட்டே இருந்தா அதுவே மூளைக்குக் கெடுதல். ஆனா ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடக் கூடாது. உங்களைக் காப்பாத்துறது அதுதான்."

எதிராளி நூறு வார்த்தை பேசினாலும் அதில் எது விலை என்று வியாபாரிக்குத் தெரியும். எனக்கு மறுபடி ஒருமுறை கேட்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் நடைக்கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "கால் போகட்டும், கை போகட்டும்டா. ஞாபகம் போயிட்டா நான் யாரு? வேண்டாம்டா. இப்படியே இருந்துடுறேன்."

அவரை ஒப்புக்கொள்ள வைத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. அண்ணி தனியாகிவிடுவார் என்றேன். டாக்டர் எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொல்கிறார் என்றேன். "ஞாபகம் கொஞ்சம் குறைஞ்சா நல்லதுதாண்ணே, நான் ரெண்டு கல்லு நிம்மதியா வித்துக்குவேன்" என்றேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அந்தச் சிகிச்சை அவருக்குத் தேவைதான். அதில் பொய் இல்லை. நல்ல சரக்கைத்தான் விற்றேன், என்ன லாபத்துக்கு விற்றேன் என்று மட்டும் சொல்லவில்லை.

குழாய் போடுவதற்கு முந்தின நாள் ஒரு பெண் வந்து அவர் ஞாபகத்தைச் சோதித்தார். வரிசையாகச் சில வார்த்தைகள் சொன்னார். கதவு, கிளி, எலுமிச்சை, சுத்தியல் என்று போனது. கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அண்ணன் முழுவதையும் சொல்லிவிட்டு, "பின்னாலேர்ந்தும் சொல்லட்டுமா?" என்றார். கடிகாரம் வரையச் சொன்னதற்கு, நம்பர் எல்லாம் போட்டு, கம்பெனிப் பெயர் என்ன போடட்டும் என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அன்று என் மகள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். போர்வைக்குள் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி இட்லி தண்ணியாக இருக்கிறது, மின்விசிறி சத்தம் போடுகிறது என்று இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கண் கலங்கியது. பயப்படுகிறாள், சின்னப் பிள்ளை என்று நினைத்தேன். பக்கத்திலேயே நின்று ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நெஞ்சு கடிகாரம் மாதிரி ஓடியது. ஆனால் டாக்டர் அம்மா சொன்னது அப்படியே நடந்தது. அதே பெண் வந்து வேறு வார்த்தைகள் சொன்னபோது பாதிக்குமேல் திரும்ப வரவில்லை. கடிகாரம் வரைந்தார். நம்பர் எல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நின்றது. அவரே அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, எல்லாரும் பஸ்ஸுக்கு நிக்கிறாங்க" என்றார். இந்தமுறை அந்தப் பெண் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கரண்டிக்குப் பெயர் வராமல் "அந்த, அந்த நீளமானது" என்பார். அண்ணி, "கல்யாண நாளை மறந்தீங்க, பொறுத்துக்கிட்டேன். கரண்டியையுமா மறப்பீங்க" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொள்வார். கடைக்குக் கூட்டிப்போனேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு கல்லை எடுத்து லென்ஸில் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எனக்குத் தெரியும்டா. ஆனா யாருன்னு தெரியலை" என்றார். சொல்லிவிட்டுக் கல்லை மேஜையில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு அழுதார். என்னை வளர்த்தவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இடத்திலேயே கேட்டேன்.

"டீச்சரோட கல்லு ஞாபகம் இருக்காண்ணே?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "எந்த டீச்சர்டா?"

என் உடம்பு பஞ்சாகிவிட்டது, ஐயா. சந்து முனை வழியாகவே வீட்டுக்குப் போனேன். அங்கே நின்றுகொண்டிருந்த பட்டை தீட்டுகிறவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூட விசாரித்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியது. மகளுக்கு போன் செய்து ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரித்தேன். கல்லிலிருந்த ஒரே ஒரு மங்கல் கரைந்துவிட்டது, கல் முழுசாக இருக்கிறது. இதைவிட நல்ல வியாபாரம் உண்டா.

பிறகு ஒருநாள் காலை. நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அவர் கை பாதியில் நின்றது.

"எறும்பு கால்" என்றார்.

"என்னண்ணே?"

"ஓரத்துல எறும்பு கால் மாதிரி கோடு. டீச்சரோட கல்லு. மொட்டை கையில பார்த்தேன்." முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து எச்சில் கையோடு என் தோளைப் பிடித்து உலுக்கினார். "வருதுடா தம்பி. எல்லாம் திரும்ப வருது. நான் பொழச்சுக்கிட்டேன்டா."

அண்ணி அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். மூன்று பேரும் கட்டிக்கொண்டோம். நானும் அழுதேன். அவர்கள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

டாக்டர் அம்மாவும் நல்ல முன்னேற்றம் என்றார். நாளுக்கு நாள் தெளிவார், மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்று மறுபடி சொன்னார். விசாரணை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கல் பாதி தெளிந்த நிலையில் உலை அணைந்துவிட்டது மாதிரி எனக்குப் பட்டது. இன்னும் கொஞ்சம் சூடு போதும். ரொம்ப வேண்டாம். ஒரு மணல் அளவு கட்டி, மூளைக்குள் எங்கே எறும்பு கால் இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்தால் போதும். அவர் உயிரை நான் கேட்கவில்லை. கை காலைக் கேட்கவில்லை. பேச்சைக் கேட்கவில்லை. ஒரே ஒரு கல்லைத்தான் கேட்டேன். கேட்டதை மட்டும் கொடுப்பது என்ற பழக்கம் ரத்தக் கட்டிக்கு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மாத்திரையை நிறுத்த முடியாது. அண்ணி விட மாட்டார். கட்டம் கட்டமாகப் பிரித்த பெட்டியில் போட்டு வைத்து, வேளை தவறாமல் எடுத்து, அவர் விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பார். அதனால் மாற்றினேன். மருந்துக் கடையில் சத்து மாத்திரைகள் பலவற்றை வாங்கி, கடைக்குக் கொண்டுபோய், வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணிமேல் பரப்பினேன். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, அசல் மாத்திரையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிறம், பருமன், நடுவில் போகும் கோடு, விளிம்பின் வளைவு. ஒன்று பொருந்தியது. லென்ஸில் பார்த்தால் மட்டும் வித்தியாசம் தெரியும். அண்ணியிடம் லென்ஸ் இல்லை.

இத்தனை வருஷத் தொழிலில் நான் ஒரு போலியைக்கூட அசல் என்று விற்றதில்லை, ஐயா. சந்தையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அதன் பிறகு தினமும் அவர்கள் வீட்டுக்குப் போவேன். அண்ணி அடுக்களையில் இருக்கும்போது பெட்டியிலிருந்து அசலை எடுத்துவிட்டு இதைப் போடுவேன். அண்ணி பெருமையாகப் பெட்டியைத் திறந்து காட்டுவார். "ஒரு வேளை விடலை, பாத்துக்க. டாக்டரே என்னைப் பாராட்டுவாங்க."

"நல்லா குடுங்க அண்ணி" என்பேன்.

கொடுத்துக்கொண்டே இருந்தார். அண்ணனும் தெளிந்துகொண்டே இருந்தார். கரண்டி வந்தது, கல்யாண நாள் வந்தது, எந்தக் காலத்திலோ விற்ற கற்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எனக்கோ தினமும் ஒரு சாவு. மாத்திரை இல்லாமலேயே மனிதர் நன்றாக இருக்கிறாரே, அப்படியானால் நான் செய்ததில் தப்பென்ன என்றுகூட ஒரு கட்டத்தில் தோன்றியது. திரும்ப அசலையே போட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். பெட்டியைக் கையில் எடுத்தேன். அப்போது உள்ளேயிருந்து அண்ணன், விசாரணைக்குப் போட்டுக்கொள்ள நீலச் சட்டையைத் தேய்த்து வைக்கச் சொல்லி அண்ணியிடம் சொல்வது கேட்டது. பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

கடையில்தான் நடந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். இடுக்கி விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். வலது கை மேஜை ஓரமாகச் சரிந்து தொங்கியது. வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார், சத்தம்தான் வந்தது. நான் அவரைத் தூக்கிக்கொண்டு அந்தச் சந்து முழுக்க ஓடினேன். கத்திக்கொண்டே ஓடினேன் என்று பிறகு சொன்னார்கள். முனையில் நின்ற பட்டை தீட்டுகிறவர்தான் ஓடி வந்து காலைப் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றினார். அண்ணனை நான் காப்பாற்றத்தான் பார்த்தேன் என்பதற்கு அந்த மனிதரே சாட்சி.

உயிர் தங்கியது. வலது பக்கம் போய்விட்டது, பேச்சு போய்விட்டது. டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கட்டி பெரியது, எப்படி வந்தது என்றே புரியவில்லை, மாத்திரை ஒழுங்காகப் போனதா என்று கேட்டார். அண்ணியைக் கேளுங்கள் என்றேன். அந்தக் கேள்விக்கு அது சரியான பதில்தான். கொடுத்தது அவர்தானே. பிறகு ரத்தத்தைச் சோதித்தார்கள், பெட்டியைச் சோதித்தார்கள், அண்ணியை நீங்கள் இங்கே வரவழைத்தீர்கள். "என்னைத் தவிர அந்தப் பெட்டியை யாரும் தொட்டதில்லைங்க" என்று அவரே உங்களிடம் சொன்னாராமே. அப்படிச் சொன்னால் தனக்கு என்ன ஆகும் என்றுகூடத் தெரியாத மனுஷி.

இருந்தாலும் என் மகள் தப்பித்தாள் என்று ஒரு மூச்சு விட்டேன். மறைக்க மாட்டேன். ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில், அண்ணன் படுத்திருந்த அறைக்கு வெளியே, அந்த மூச்சை விட்டேன். அவள் உள்ளேயிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நான் போய்ச் சொல்லப் போறேன்ப்பா" என்றாள். "கல்லை மாத்தினது நான்தான்னு. உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்."

"இப்ப எதுக்கும்மா? இனிமே அடையாளம் காட்ட ஆளே இல்லையே."

அவள் என்னைப் பார்த்த பார்வை, தராசில் வைப்பதற்கு முன்னாலேயே ஒரு கல்லின் எடையைச் சொல்லிவிடுவாரே அண்ணன், அந்தப் பார்வை.

"நானும் பெரியப்பாவும் எப்பவோ பேசி முடிச்சாச்சுப்பா. அவர் நீதிமன்றத்துல வாயே திறக்க வேண்டாம், நானே முன்னாடி போய் ஒத்துக்கிறேன்னு சொன்னேன். சரி, நான் உன் பக்கத்துல நிக்கிறேன்னார். கடைசியா முடிவு பண்ணினது குழாய் போடுறதுக்கு முந்தின நாள். போர்வைக்குள்ள கையை இறுக்கிக் குலுக்கினார். நீங்க பக்கத்துல நின்னு ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்தீங்க."

"என்கிட்ட ஏன்மா சொல்லலை?"

"நீங்க பேரம் பேசுவீங்கப்பா" என்றாள்.

அவள் போய்விட்டாள். நேராக உங்களிடம்தான் வந்தாள். பட்டை தீட்டுகிறவர் மேலிருந்த வழக்கு போய்விட்டது. மகள் உள்ளே இருக்கிறாள். பக்கத்தில் நிற்க வேண்டியவர் படுத்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் நான் பேசிய பேரங்களில் வாங்காமலும் விற்காமலும் கையிலிருந்ததெல்லாம் போனது இது ஒன்றுதான். மாத்திரையை மாற்றியது நான். அண்ணிக்குத் தெரியாது. மகளுக்கு இன்னும் தெரியாது, முடிந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னால் சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. அண்ணனின் இடது கை நன்றாக இருப்பதால் நீங்கள் மொட்டைத் தரகரைக் கூட்டிப்போய் அண்ணன் விரல் பேசுவதைப் படிக்கச் சொல்லப் போவதாகக் கேள்விப்பட்டேன். வீண் வேலை, ஐயா. நான் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வைக்குள் அவர் கையைப் பிடித்துப் பார்க்கிறேன். அண்ணே, நான்தான், தம்பி என்பேன். இறுக்கிக் குலுக்குவார் என்று காத்திருப்பேன். அவர் ஒவ்வொரு தடவையும் என் கட்டைவிரல் அடியைத் தேடிப் பிடித்து நகத்தை அழுத்துகிறார். பாருங்கள், இங்கே, தழும்பே விழுந்துவிட்டது. வேறு எந்த விரலையும் தொடுவதில்லை. நர்ஸ் வந்து பிடித்தால் குலுக்குகிறார். அண்ணி பிடித்தால் குலுக்குகிறார். என் கைக்கு மட்டும் எல்லாமே மறந்துபோகிறது.

பாவம், அவருக்கு ஞாபகம் போய்விட்டது. அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.